முன்குறித்தலும் ஒரு குழந்தையும்

ஐயா,

நாங்கள் குடியாத்தம். எங்கள் மகன் ஞானஸ்நானத்துக்கு முன்பே, நாலாம் மாதத்தில் இறந்துபோனான். "தெரிந்துகொள்ளப்பட்ட பிள்ளையாயிருந்தால் ஞானஸ்நானம் வரைக்குமாவது இருந்திருக்கும்" என்றார் சபைப் பெரியவர் ஒருவர். அதன்பின் நான் திருவிருந்துக்குப் போகவில்லை. எல்லாம் முன்குறிக்கப்பட்டதென்றால் மனிதனுக்குச் சுயசித்தம் எதற்கு? தலையெழுத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

தலையெழுத்தை இதில் இழுக்க வேண்டாம், அது வேறு பேச்சு. சுயசித்தம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அந்தப் பெரியவரின் வாய்தான் என்னை உறுத்துகிறது. யாரை இரட்சிப்பது என்று கடவுள் முன்பே தெரிந்துகொண்டார் என்கிற இந்த முன்குறித்தல் உபதேசத்தை எடுத்து அடுத்தவர் தலையில் போடும் வழக்கத்தைப் பற்றியே கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முன்குறித்தலைக் கறாராக எழுதிவைத்தவை 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சினாடு என்ற திருச்சபைப் பேரவையின் நியதிகள். 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்களின் சபைக்கு அவை விசுவாச அறிக்கை. வேலூர்ப் பக்கத்துப் பழைய சபைகள் பல அந்த மிஷன் வழிவந்தவை. அந்த நியதிகளில் முதல் தலைப்பு, 17ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விசுவாசிகளின் பிள்ளைகள் உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள். சிசுவாக இறந்த பிள்ளையின் தெரிந்துகொள்ளுதலையும் இரட்சிப்பையும் பக்தியுள்ள பெற்றோர் சந்தேகிக்கக் கூடாது. ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. தாயின் மார்பிலிருந்து பிள்ளைகளைப் பறித்து நரகத்தில் தள்ளுகிறது தங்கள் போதனை என்ற பழியை, அந்தப் பேரவையார் நியதிகளின் முடிவுரையில் அருவருத்துத் தள்ளுகிறார்கள். இதைப் படிக்காமல் ஒருவர் துக்கவீட்டில் வாய்திறந்தது பாவம்.

பவுல் ரோமருக்கு எழுதும்போது பாவம், கிறிஸ்து, விசுவாசம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எட்டாம் அதிகாரத்தில்தான் முன்குறித்தலுக்கு வருகிறார். இந்த உபதேசத்துக்குப் பேர்போன சீர்திருத்தவாதி கால்வினும், தம் கிறிஸ்தவ சமய போதனை நூலின் 1559 பதிப்பில், மூன்றாம் புத்தகத்தில் ஜெபத்தை இருபதாம் அதிகாரத்தில் முடித்துவிட்டே இருபத்தொன்றில் இதைத் தொடுகிறார். கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டவன் திரும்பிப் பார்த்து, "இது என்னால் ஆனதல்ல" என்று நன்றி சொல்வதற்கான உபதேசம் இது. இன்னொருவரைக் காட்டி "இவன் தள்ளப்பட்டவன்" என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் கொடுக்கப்படவில்லை. போதகருக்கும் இல்லை, பெரியவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரு மனிதர் பேச்சைக் கேட்டு ஆண்டவருடைய பந்தியை விடுவீர்களா? விசுவாசம் தளர்ந்தவர்கள் பயந்து ஒதுங்காமல், வசனம், திருவிருந்து போன்ற கிருபையின் வழிகளை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும் என்று அதே தலைப்பின் 16ஆம் பிரிவு சொல்வது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

அடுத்த திருவிருந்துக்குப் போங்கள் அம்மா. அந்தப் பெரியவர் மறுபடி ஆரம்பித்தால், நீங்கள் வாதாட வேண்டாம். 17ஆம் பிரிவையும் முடிவுரையையும் போதகர் கையில் கொடுத்து, அந்தப் பெரியவர் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள்.