பாஸ்ராவில் ஒரு ஜமேதார்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கணியம்பாடி பக்கம். என் கொள்ளுத்தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவில் ஜமேதார். முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கே பாஸ்ராவில் உள்ள போர் நினைவகத்தில் அவர் பெயர் இருப்பதைப் போன மாதம்தான் கண்டுபிடித்தோம். செத்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்குப் படைக்கிறோம். ஊரில் ஒரு கல் நடலாம் என்கிறார் அப்பா. நூறு வருடம் கழித்து எதற்கு என்கிறார் சித்தப்பா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடுங்கள். அப்பா சொல்வதுதான் சரி.

கடிதம் வந்த அன்று மாலை வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டு வரை போய்வந்தேன். இங்கிருந்து 1914–18 போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது. எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த 14 பேர் யார் யார் என்று அன்றைக்குத்தான் மனம் கேட்டது.

உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் பாஸ்ராவில் இருப்பது அவர் ஜமேதார் என்பதால். அந்த நினைவகம் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. இந்தியப் படையில் ஜமேதார், சுபேதார் போன்ற இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தவர்கள், சிப்பாய்களைப் படைப்பிரிவின் கீழே இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. சாவில் பெரியவன் சின்னவன் இல்லை என்ற கொள்கையோடு 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் போர்க்கல்லறை ஆணையம் செய்த காரியம் இது. 2021இல் அவர்களே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் பக்கம் கல் நட்ட விதம் வேறு. பழைய வட ஆற்காட்டில், தண்டராம்பட்டு அருகே எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. எருமைகளைக் காக்கப்போய் விழுந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் இந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதிவைத்தார்கள். 1,400 வருடமாக அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது. அப்படி ஒரு பெயர் பாஸ்ராவில் நம் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். பாஸ்ரா போர்க்கல்லறையில் மண்ணின் உப்பு அரித்ததால் 1935இல் கற்களையே அகற்றிவிட்டார்கள். நினைவகத்தையும் 1997இல் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். அங்கே உள்ளது உங்கள் கையில் இல்லை. ஊரில் நடும் கல் உங்கள் கண் முன்னால் நிற்கும்.

ஆனால் ஜமேதார் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். அவரோடு உங்கள் பக்கத்திலிருந்து போய்த் திரும்பாதவர்கள் பெயரும் வேண்டும். கல்லில் இல்லாத பெயர்களையும் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் காசில்லாமல் தேடலாம். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அப்பா பெயர், ஊர், மாவட்டம் வரை அதில் உண்டு. ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஊரில் எண்பது தாண்டிய அம்மாக்களிடமும் கேளுங்கள். ‘பட்டாளத்தார் வீடு’ என்று எந்த வீட்டைச் சொல்கிறார்களோ அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. அந்தப் பதிவேட்டில் இறந்த தேதியும் போட்டிருப்பார்கள். ஜமேதார் பெயரைத் தட்டிப் பாருங்கள். அந்த வருடத்துப் பஞ்சாங்கம் கிடைத்தால் திதி தெரிந்துவிடும். அடுத்த முறை அவருடைய நாளிலேயே படைக்கலாம்.