பேஸ்மென்ற் அறையும் மீன் பொரியலும்

தங்கச்சி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ற் அறைக்கு வந்து மூன்று மாதம், எவ்வளவு படுத்தாலும் நித்திரை போதவில்லை, ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை, இது ஊர் நினைப்பா என்று கேட்டிருந்தீர்கள். ஊர் நினைப்பும் இருக்கும். ஆனால் நான் முதலில் அந்த அறையைத்தான் சந்தேகப்படுவேன்.

டிசம்பரில் ரொறன்ரோவில் பகல் ஏறக்குறைய 9 மணித்தியாலம்தான். பின்னேரம் ஐந்துக்கு முன்பே சூரியன் போய்விடும். இதில் நிலத்துக்குக் கீழே, கையகல யன்னல், அதையும் ஸ்நோ மூடிவிட்டால் விடிந்தது உடம்புக்கு எப்படித் தெரியும்? நானும் அப்படி இரண்டு வருடம் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், இரவெல்லாம் உறுமும்.

ஆனால் இருட்டைவிட என்னை வாட்டியது குசினிதான். மேலே இருந்த வீட்டுக்கார அன்ரிக்கும் எனக்கும் ஒரே குசினி. நல்ல மனிசி, ஆனால் மீன் பொரித்தால் முகம் மாறும். ஏழு மணிக்குப் பிறகு அடுப்பு மூட்டக்கூடாது. எனக்கு வேலை முடிந்து வரவே எட்டாகும். பாணும் நூடில்ஸும் தின்று தின்று, கடைசியில் பசியே எடுக்கவில்லை. பிறகு இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து ஒன்பதாம் மாடியில் அபார்ட்மென்ற் எடுத்தேன். வாடகை கூடத்தான். முதல் சனிக்கிழமை மீன் பொரித்தேன், வீடு முழுக்க மணம். அன்றைக்குத்தான் கனடா வந்து சேர்ந்தேன் என்று வையுங்கோ.

இதில் சட்டமும் ஒன்று இருக்கிறது. அதே வீட்டில் வசிக்கும் வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டிய ஏற்பாடென்றால், ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் வாடகைச் சட்டம் உங்களைப் பாதுகாக்காது. உங்களுக்குத் தனிக் குசினியும் தனிக் குளியலறையும் என்றால் நிலைமை வேறு.

சரி, உடனே மாற முடியாது என்றால் கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துப் போடுங்கள். லீவு நாளில் அறைக்குள் கிடக்காமல் பக்கத்து நூலகத்துக்குப் போங்கள். காசு கட்டத் தேவையில்லை, சூடு, பெரிய யன்னல். சுவரில் பூஞ்சணம் கண்டால் வெட்கப்படாமல் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். இரண்டு கிழமையிலும் மனம் தெளியாவிட்டால் டொக்டரிடம் போங்கள், அறை மட்டும் காரணமில்லாமலும் இருக்கலாம்.

அடுத்த அறை பார்க்கப் பகலில் போங்கள். லைற்றை நூர்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வாடகையைப் பிறகு கேட்கலாம், முதலில் மீன் பொரிக்கலாமா என்று கேளுங்கள்.