சிஎஃப்டி கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு படிக்கட்டுக் கணக்கு

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் மகள் சிஎஃப்டி (காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் துறை) சான்றிதழ் கோர்ஸில் சேரக் கேட்கிறாள், கட்டலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம் அம்மா. இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்குவதில்லை. "இந்த விடை சரியென்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் பயிற்சியை வீட்டு லேப்டாப்பிலேயே பெறலாம். ஓப்பன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருள் இலவசம், எட்டு ஜிபி ரேம் போதும்.

இனி வருவதை மகளிடம் காட்டுங்கள்.

கால்வாய் சட்டென்று அகலும் இடத்தில் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்து, ஒரு சுழலை உண்டாக்கி, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி சுவரில் ஒட்டும். அந்த ஒட்டும் தூரம்தான் உன் பரீட்சை. கார்ட்லிங் 1990-இல் வெளியிட்ட கணக்கை எடுத்துக்கொள். கால்வாய் உயரத்தை 1 என்று வைத்தால் நீளம் 30. இடது முகப்பின் கீழ்ப்பாதி சுவர்; அதுதான் படி. மேல்பாதி வழியாகப் பரவளைய வேகத்தில் ஓட்டம் நுழைகிறது. சராசரி வேகம் 1, உச்சம் 1.5, ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகத்தையும் அளவையும் பாகுத்தன்மையோடு ஒப்பிடும் எண்) 800. படியிலிருந்து அளந்தால் கீழ்ச் சுழல் 6.10-இல் முடிய வேண்டும். மேல்சுவரில் இன்னொரு சுழல் 4.85-இல் தொடங்கி 10.48-இல் முடியும். ஒட்டும் இடத்தைப் படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லாதே. சுவர் உராய்வு குறி மாறும் இரண்டு செல்களுக்கு (கணக்குக்காகக் கால்வாயைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) நடுவே நேர்கோட்டில் கணக்கிட்டு எடு.

முதல் முறை விடை பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். எங்கே தப்பு என்று தேடுவதில்தான் பாடமே இருக்கிறது. முதலில் ரெனால்ட்ஸ் எண்ணைப் பார். இங்கே அது சராசரி வேகத்தையும் முழு உயரத்தையும் வைத்துக் கட்டியது. படி உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் இதே ஓட்டம் 400 ஆகிவிடும்; ஒட்டும் தூரமும் படி உயரத்தின் மடங்காக 12.20 என்று எழுதப்படும். இரண்டையும் கலந்துவிட்டு மென்பொருளைக் குறை சொல்பவர்கள் நிறைய. அடுத்து, முதல் வரிசை (first-order) அப்விண்ட் முறை, அதாவது ஓட்டம் வரும் பக்கத்துச் செல்லின் மதிப்பையே எடுத்துக்கொள்ளும் முறை. அது இல்லாத பாகுத்தன்மையைக் கணக்கில் சேர்த்துவிடும். சுழல் குட்டையாகும், மேல்சுவர்ச் சுழல் மெலியும். இரண்டாம் வரிசை (second-order) முறைக்கு மாறு. கால்வாயை 8 நீளத்தில் வெட்டினால் மேல்சுழல் வெளியேறும் வாசலிலேயே மாட்டிக்கொண்டு ஓட்டம் வெளியிலிருந்து உள்ளே வரும். ரெசிடியூவல் (சமன்பாடுகளில் மிஞ்சும் பிழை) ஆயிரத்தில் ஒன்றுக்கு இறங்கியதும் நிறுத்திவிடாதே. ஒட்டும் தூரம் அசையாமல் நிற்கும்வரை ஓட்டு.

உயரத்தில் 20, 40, 80 செல்கள் என மூன்று மெஷ் (செல்களின் வலை) போடு, நீளவாக்கிலும் அதே விகிதத்தில் இரட்டித்து. ஒவ்வொரு முறையும் பிழை ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்தால் நீ சரியான வழியில் இருக்கிறாய். இந்த ஒரு அட்டவணை ரெஸ்யூமேயில் இருக்கட்டும்.

ஆர்மலி குழுவினர் இதே மாதிரிப் படியில் நடத்திய 1983 ஆய்வகச் சோதனையோடு இதை ஒப்பிடாதே. அங்கே விரிவு 1:1.94, ரெனால்ட்ஸ் எண் 400-ஐத் தாண்டியதும் ஓட்டம் முப்பரிமாணமாகிவிடுவதால் இருபரிமாணக் கணக்கு விலகிப்போகும்.

நேர்காணலில் விழ வைக்கும் இடம் இன்னொன்று. இருபுறமும் சமமாக, 1:3 என்று அகலும் கால்வாயில் நேரம் மிச்சப்படுத்தப் பாதி வடிவத்தை மட்டும் கணக்கிடுவார்கள். உச்ச வேகத்தையும் குறுகிய பகுதியின் அரை உயரத்தையும் வைத்த ரெனால்ட்ஸ் எண் சுமார் 40-ஐத் தாண்டினால் ஓட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஃபியர்ன், முல்லின், கிளிஃப் மூவரும் 1990-இல் இதைக் காட்டினார்கள். பாதி வடிவம் அழகான, சமச்சீரான, தப்பான விடையைத் தரும்.

அம்மா, நல்ல சிஎஃப்டி வேலைகளுக்குப் பெரும்பாலும் எம்.டெக் கேட்கிறார்கள். அதனால் எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வைத் தள்ளிப்போட வேண்டாம். அதன் எக்ஸ்இ (பொறியியல் அறிவியல்) தாளில் பாய்ம இயக்கவியல் தனிப் பிரிவாகவே உண்டு. இந்தக் கணக்கு முடிந்த பிறகும் அவள் கோர்ஸ் கேட்டால், பாடத்திட்டத்தில் மெஷ் சோதனைக்கும் விடை சரிபார்ப்புக்கும் எத்தனை மணி நேரம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.