டூர் சாப்பாட்டில் ஒளிந்திருக்கும் இறால்

கேள்வி: அம்மாவுக்கு இறால், நண்டு ஆகவே ஆகாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டும். குடும்பத்தோடு தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர் குரூப் டூர் போகலாம் என்று மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜென்சியில் கேட்டோம். "எல்லா நேரமும் இந்தியன் சாப்பாடுதான், பயமே வேண்டாம்" என்கிறார்கள். நம்பி முன்பணம் கட்டலாமா?
- ஒரு வாசகர், கருங்கல்

பதில்: வாய்வார்த்தையை நம்பிக் கட்டாதீர்கள். 'அம்மாவுக்கு இறால், நண்டு அலர்ஜி. இவை சேராத சாப்பாடு ஒவ்வொரு வேளையும் தரப்படும்' என்று ஏஜென்சி மெயிலில் எழுதித் தரட்டும். கூடவே பயணத்திட்டத்தில் எந்தெந்த வேளை சாப்பாடு அவர்கள் பொறுப்பு என்று பாருங்கள். பெரும்பாலும் காலை உணவு ஹோட்டல் பஃபேயில்தான் இருக்கும். சுற்றிப் பார்க்கும் நாட்களில் மதியச் சாப்பாடு உங்கள் கையில் விடப்பட்டிருக்கலாம். 'இந்தியன் சாப்பாடு' என்ற பேச்சு அங்கே உதவாது.

குளச்சல் பக்கத்து இறால் குழம்பில் இறால் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். மலேசியாவில் அது அரைபட்டுப்போயிருக்கும். புளிக்கவைத்த இறால் விழுது, பெலாச்சான் என்பார்கள். மிளகாயோடு இடித்துச் சம்பல் ஆக்குவார்கள். நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் இருக்கும் சிவப்புச் சம்பலில் அது இருக்கும். வெறும் கீரைப் பொரியல் போல வரும் காங்குங்கிலும் இருக்கும். தாய்லாந்தில் சிவப்பு, பச்சைக் கறி விழுதுகளில் 'கப்பி' என்ற பெயரில் இதே சரக்குதான். பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறாலைத் தூவுவார்கள். அதனால் "சைவம்தானே?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இறால் விழுது சேர்த்ததா, இறால் பொரித்த எண்ணெயா?" என்றும் கேட்க வேண்டும்.

அலர்ஜியைத் தாய்லாந்து மொழியிலும் மலாயிலும் அட்டையில் எழுதித் தரச் சொல்லி ஏஜென்சியிடமே கேளுங்கள். பரிமாறுபவரிடம் காட்டினால் போதாது, சமையற்கட்டு வரை அது போக வேண்டும். மலாயில் இறாலுக்கு உடாங், தாய்லாந்து மொழியில் குங். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தமிழிலேயே விசாரிக்கலாம், அது பெரிய நிம்மதி.

விமானச் சாப்பாட்டைக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் பதிய வேண்டும். குரூப் டிக்கெட் என்பதால் ஏஜென்சிதான் செய்ய வேண்டியிருக்கும். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் அலர்ஜியை மறைக்காதீர்கள். டாக்டரிடம் அவசர மருந்தும் கடிதமும் வாங்கி, அம்மாவின் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வேண்டாம்.

எழுதித் தந்தும் ஏமாற்றினால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஏஜென்சியின் தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. கால அவகாசம் 2 ஆண்டு. முதல்கட்ட ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அந்த மெயிலும் ரசீதும்தான் அங்கே உங்கள் சாட்சி. எழுதித் தர மறுக்கும் ஏஜென்சி என்றால் முன்பணமே கட்டாதீர்கள், வேறு இடம் பாருங்கள்.