பேச்சை மாற்ற வேண்டாம், நேராகக் கேளுங்கள்

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் இருந்தவன். எனக்கு பைபோலார் நோய். நான்கு ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருக்கிறது. இப்போது டெக்சாஸில் முன்னாள் படைவீரர்களுக்கான விஏ மருத்துவமனையில் ‘பியர் ஸ்பெஷலிஸ்ட்’ வேலை; அதாவது மனநோயை அனுபவித்து மீண்டவர், அதே நிலையில் இருப்பவர்களுக்குத் துணையாக இருப்பது. நான் துணையாக இருக்கும் ஒருவருக்கு மனச்சிதைவு நோய். போன வாரம்தான் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்தார். “நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்” என்றார். பதறிப்போய்ப் பேச்சை மாற்றிவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். மனநல வார்டிலிருந்து வந்த முதல் வாரமும், அதைத் தொடரும் மூன்று மாதமும்தான் ஆபத்து மிகுந்த காலம். “அன்று அப்படிச் சொன்னீர்களே, தற்கொலை எண்ணம் வருகிறதா?” என்று அந்தச் சொல்லையே வைத்துக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைக்காது. “அப்படியெல்லாம் நினைக்கவில்லையே?” என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

குரல்கள் கேட்கின்றனவா, அவை சொல்வதைச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் கேளுங்கள். மருந்து மாறிய பிறகு உட்கார முடியவில்லை, கால் ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால் வெறும் பதற்றம் என்று விட்டுவிடாதீர்கள். அகதீசியா என்ற பக்கவிளைவாக இருக்கலாம். அந்தத் தவிப்பே சிலரை உயிரை வெறுக்க வைக்கும். மருத்துவரிடம் அன்றே சொன்னால் சரிசெய்ய வழி உண்டு.

தற்கொலை எண்ணம் உண்டு என்றால், ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்தை எடைபோடுவது உங்கள் வேலை அல்ல. உங்கள் மருத்துவமனையின் தற்கொலைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். இப்போதே செய்துகொள்வார் போலிருந்தால் தனியே விடாமல், முன்னாள் வீரர்களுக்கான நெருக்கடி உதவி எண்ணுக்கு 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள்; அல்லது அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். செலவை நினைத்து அவர் தயங்கக்கூடும். 2023 ஜனவரியிலிருந்து, தகுதியுள்ள முன்னாள் வீரர்களுக்கு இந்த அவசர சிகிச்சை வெளி மருத்துவமனையிலும் இலவசம்: உள்நோயாளியாக 30 நாள் வரை, புறநோயாளியாக 90 நாள் வரை. (தமிழ்நாட்டில் இதைப் படித்துத் தவிப்பவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கலாம்.)

பிறகு பாதுகாப்புத் திட்டம்: தற்கொலை எண்ணம் வரும்போது வரிசையாக என்ன செய்வது என்று எழுதி வைக்கும் தாள். எச்சரிக்கை அறிகுறி, தானே செய்யக்கூடியது, மனதைத் திசைதிருப்ப உதவும் இடமும் ஆட்களும், உதவி கேட்கும் உறவுகள், மருத்துவ எண்கள், வீட்டை ஆபத்தில்லாமல் வைப்பது என்று ஆறு பகுதி. வார்டில் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்; பெரும்பாலும் ஊழியரின் மொழியில் இருக்கும், அதனால்தான் பயன்படாமல் போகிறது. ‘மனச்சோர்வு அதிகரித்தல்’ என்பதை அடித்துவிட்டு, ‘இரண்டு நாள் குளிக்காமல் திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடப்பேன்’ என்று அவர் கையாலேயே எழுதட்டும். ‘நடைப்பயிற்சி’ என்றால், இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள். ‘தங்கை’ என்றால் எண்ணும் வேண்டும். தங்கைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாவது பகுதியைக் கூச்சத்தில் தாண்டிவிடாதீர்கள். அங்கே முன்னாள் வீரர்களின் தற்கொலைகளில் பெரும்பாலானவை துப்பாக்கியால் நடப்பவை. பறிக்கப் பேசாதீர்கள், கொஞ்ச காலம் நம்பிக்கையானவர் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். துப்பாக்கிக்குப் போடும் கம்பிப் பூட்டை விஏ இலவசமாகவே தருகிறது. அந்தத் தீவிர எண்ணம் தணியும் வரை கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காக்கிறது.

உங்கள் கதையை இரண்டே வாக்கியம் சொல்லுங்கள், அதுவும் அவர் பேசி முடித்த பின். வாரம் ஒருமுறை உங்கள் மேற்பார்வையாளரிடம் இதைப் பேசிவிடுங்கள். பைபோலாரில் பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம். தொடர்ந்து இரண்டு இரவு தூக்கம் போனால், அவரைப் பார்க்கும் பொறுப்பைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.