முகம் பக்கவாட்டில், கண் நேராக

கேள்வி: லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள நெபாமுன் கல்லறை ஓவியத்தின் படத்தைப் பார்த்தேன். முகமும் காலும் பக்கவாட்டில் இருக்க, கண்ணும் தோளும் நேராக இருக்கின்றன. மனித உடலைக்கூடச் சரியாக வரையத் தெரியாதவர்களின் ஓவியத்தில் பூ, மீன், பூனை எல்லாவற்றையும் குறியீடு என்பது, இல்லாத பொருளை நாமே ஏற்றிச் சொல்வது ஆகாதா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: 'தெரியாதவர்கள்' என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நெபாமுன் கி.மு. 1350 அளவில் பண்டை எகிப்தின் தீப்ஸ் நகரில் அமுன் என்னும் கடவுளின் கோயில் களஞ்சியத்தின் தானியக் கணக்கராக இருந்தவர். நீங்கள் குறிப்பிடும் அதே கல்லறையின் விருந்துக் காட்சியில், தரையில் அமர்ந்து இசைக்கும் பெண்களுள் இருவரின் முகங்கள் நேராக நம்மை நோக்குகின்றன, உள்ளங்கால்கூடத் தெரிகிறது. வேட்டைக் காட்சியில் பூனையின் ரோமத்தையும் வண்ணத்துப்பூச்சியின் சிறகையும் தீட்டியிருக்கும் நுட்பத்தைப் பாருங்கள். கண்டதைக் கண்டபடி வரையும் கை அவர்களிடம் இருந்தது. கல்லறைக்குரியவரின் உருவத்தை எழுதும்போது அதே கையை ஏன் அவர்கள் விதிக்குள் அடக்கிக்கொண்டார்கள் என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

உருவம் தீட்டுபவரை எகிப்தியர் அழைத்த பெயருக்கு 'உருவங்களின் எழுத்தர்' என்று பொருள். ஓவியம் 'எழுதுதல்' என்பது நம் மொழியிலும் உள்ள வழக்குதான். ஆனால் எகிப்தில் சித்திரமும் எழுத்தும் உண்மையிலேயே ஒரே குடும்பம். அவர்களுடைய எழுத்துகளே பறவை, பாம்பு, அமர்ந்திருக்கும் மனிதன் என்னும் உருவங்கள். எழுதிய உருவம் உயிர்பெறும் என்பதில் அவர்களுக்கு எவ்வளவு உறுதி இருந்தது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். நெபாமுனுக்குச் சில நூற்றாண்டுகள் முந்திய மத்திய அரசுக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த சில சவப்பெட்டிகளில், பறவை எழுத்துகளைக் கால் இல்லாமலும் பாம்பு எழுத்துகளை வால் இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள். இறந்தவருக்கு அருகில் இருக்கும் எழுத்து எழுந்து வந்து அவருக்குத் தீங்கு செய்துவிடக் கூடாது என்ற அச்சமே அதற்குக் காரணம். பாம்பைக் குறைத்து எழுதியவர்கள், தலைவனின் உருவத்தில் எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொண்டதில் வியப்பில்லை. கண் முழுமையாகத் தெரிவது நேரே பார்க்கும்போது, மூக்கும் கால் பாதமும் தெளிவாகத் தெரிவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது. ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் அது முழுமையாக விளங்கும் திசையிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள்.

பூவுக்கும் மீனுக்கும் வருவோம். நெபாமுன் குடும்பத்தினர் ஏந்தியிருக்கும் பூவைத் தாமரை என்று சொல்லிவிடுகிறோம். அது நீல அல்லி, தாமரை எகிப்துக்குப் பிற்காலத்தில்தான் வந்தது. அந்த அல்லி காலையில் விரிந்து பின்னர் கூம்பி மறுநாளும் விரிவதால், நாள்தோறும் மறைந்து எழும் சூரியனுக்கும் இறந்து எழ விரும்பும் மனிதனுக்கும் அது அடையாளமாயிற்று. நெபாமுனின் தோட்டக் குளத்தில் நீந்தும் திலாப்பியா, நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் பிடிபடும் மீனின் இனம். முட்டைகளை வாயில் வைத்துப் பொரிக்கும் இம்மீனின் வாயிலிருந்து குஞ்சுகள் வெளிவருவதைக் கண்டவர்கள் அதில் மறுபிறப்பைக் கண்டார்கள். இந்தப் பொருளை நாம் ஏற்றவில்லை. நைல் கரையில் வாழ்ந்தவர்கள் ஆற்றைக் கூர்ந்து பார்த்துப் பெற்றது அது.

1886-இல் திறக்கப்பட்ட செனஜெம் கல்லறையும் இதையே சொல்கிறது. இவர் அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து அணிசெய்த தெய்ர் எல் மெதீனா ஊரின் கைவினைஞர், உழவர் அல்லர். ஆயினும் அடக்க அறையின் சுவரில் அவரும் மனைவி இய்னெஃபெர்தியும், அழுக்குப் படாத வெண்ணிற ஆடையில், ஆளுயர விளைச்சலை அறுவடை செய்கிறார்கள். அது அவர்கள் வாழ்ந்த வயல் அன்று, மறுமையில் அடைய விரும்பிய இயாரு வயல். மூடி முத்திரையிட்ட அறையில், பார்ப்பவர் எவரும் வரமாட்டார் என்று தெரிந்தே இவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். இந்த ஓவியத்தின் முன் எனக்கு எப்போதும் நெஞ்சு நெகிழும்.

உங்கள் ஐயத்துக்கு நியாயம் உள்ள இடமும் உண்டு. நெபாமுன் பறவைகளை வீழ்த்தக் கையில் பிடித்திருக்கும் எறிதடியைக் குறிக்கும் எகிப்தியச் சொல், 'படைத்தல்' என்ற சொல்லோடு ஒலியில் ஒத்திருப்பதால், அந்த வேட்டைக் காட்சி முழுவதையும் மறைமொழியாகப் படிக்கும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கத் தயங்குகிறேன். சதுப்பு நிலத்தில் குடும்பத்தோடு களித்த ஒரு நாள் என்னும் பொருளும் அந்தச் சுவருக்குப் போதும். ஆனால் அதே தயக்கத்தைப் பூனை வரைக்கும் நீட்டாதீர்கள். அதே தெய்ர் எல் மெதீனா ஊரைச் சேர்ந்த இன்ஹெர்காவின் கல்லறையில், சூரியனின் பகையான அபேப் என்னும் பாம்பைக் கத்தியால் வெட்டுவது ஒரு பூனைதான். எகிப்தியருக்குப் பொன் என்பது தெய்வங்களின் தசை. பறவைகளைக் கவ்விப் பிடித்திருக்கும் நெபாமுனின் பூனைக்கு, அதன் கண்ணில் மட்டும் அந்த ஓவியர் தங்க ரேக் ஒட்டியிருக்கிறார்.