58 வயசுல தொடங்கலாமா?

கேள்வி: ரிட்டயர் ஆகப்போறேன், சின்னதா ஒரு தொழில் தொடங்கணும்னு ஆசை. சாதிச்சவங்க கதையெல்லாம் படிச்சா நமக்கு உதவுமா சார்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உதவும்ங்க, ஆனா விருது வாங்குன கதைய விட்டுட்டு, அவங்க வேலைய எப்படி செஞ்சாங்கன்னு பாருங்க. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர் வெங்கடசாமிய எடுத்துக்கங்க, அரசு வேலைல இருந்து ரிட்டயர் ஆனப்புறம் 1976ல 58 வயசுல வெறும் 11 படுக்கையோட ஆரம்பிச்சவர், அதுவும் முடக்குவாதத்துல விரலெல்லாம் கோணிப்போன கையோட ஆபரேஷன் பண்ணவர். எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க ஆபரேஷன் தியேட்டர்தான். பக்கத்து டேபிள்ல அடுத்த பேஷண்ட் ரெடியா இருப்பாங்க, டாக்டர் ஒண்ண முடிச்சுட்டு அப்படியே திரும்பி அடுத்தத ஆரம்பிப்பாரு, மத்த வேலையெல்லாம் பயிற்சி குடுத்த கிராமத்துப் பொண்ணுங்க பாத்துக்குவாங்க, அதனால செலவு தானா குறையுது. பணம் கட்டுறவங்க காசுலதான் இலவச சிகிச்சையும் நடந்துச்சு. ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகலன்னதும் 1992ல ஆரோலேப்னு சொந்தமா ஒரு தொழிற்சாலை தொடங்கி தாங்களே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க! நீங்க என்ன தொழில்னு எழுதலையே, அடுத்த கடிதத்துல அதையும், எதுல செலவு அதிகமாகும்னு நினைக்கிறீங்கன்னும் எழுதுங்க, சேர்ந்து யோசிப்போம்.